தரகனின் முகத்தைத் திரையிலே காட்டுக!

காரைநகரில் எந்த வீட்டுப் படலையைத் திறந்து சென்று, "உங்கள் வீட்டார் எந்தெந்த நாடுகளில் இருக்கின்றனர்?" என்று வினவினாலும், விடை கூறி முடிவதற்குள் கொடுத்த தேநீர் ஆறிவிடும். பாட்டனார் மலாயாவில் எழுதுவினைஞராக இருந்தார்; பெரிய தந்தையார் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார்; மாமனார் நோர்வேயில் இருக்கின்றார்; மகன் கனடாவில்; மகள் சுவிற்சர்லாந்தில். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து வெளியே சென்றவர்களின் உழைப்பே இவ்வூரின் கோபுரங்களாகவும், பாடசாலைக் கட்டடங்களாகவும், மாடி வீடுகளாகவும் நிமிர்ந்து நிற்கின்றது. 1956ஆம் ஆண்டில் நோர்வே சென்ற யாழ்ப்பாணத்தவராகிய அந்தோனி இராசேந்திரம் அவர்கள், அந்நாட்டவரின் உதவியைத் திரட்டி இவ்வூர்க் கரையிலே சீநோர் படகுத் தளத்தைத் தோற்றுவித்தார். படகு கட்டப் பழகிய அக்கரையிலிருந்தே நோர்வேக்கு வழியும் திறந்தது. கல்வியும் தொழிலும் நோக்கமாக, சட்டத்தின் கண்முன்னே நடந்த பயணங்கள் அவை.

ஆகவே, "போகாதீர்கள்" என்று காரைநகரவர்க்கு உபதேசம் செய்ய வருபவன் இவ்வூரை அறியாதவன். நாம் அவ்வுபதேசம் செய்ய வரவில்லை. போகின்றவன் போய்ச் சேர்கின்றானா? சேர்ந்தவன் மனிதனாகச் சேர்கின்றானா, சரக்காகச் சேர்கின்றானா? இதுவே நாம் கேட்கும் கேள்வி. இக்கேள்வியை ஊர்தோறும், வீடுதோறும், எழுத்தறியாத கிழவியும் எழுத்துக் கற்கும் சிறுவனும் ஒருங்கே விளங்கிக்கொள்ளத்தக்க வகையில் எழுப்புவதற்கு ஒரு கருவி உண்டு. அதுதான் பிள்ளைகள் "கார்ட்டூன்" என்று கூறிக் கைகொட்டிச் சிரிக்கும் சித்திரப்படம். மனித வியாபாரத்தைப் பற்றி மக்களுக்கு எச்சரிக்கை செய்ய உலகின் பல நாடுகளில் இக்கருவி கையாளப்பட்டு வருகின்றது. நம் தீவகத்திலும் அது கையாளப்பட வேண்டும் என்பதும், அதனை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் நம் கட்சி.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். "ஆட்கடத்தல்" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? நள்ளிரவு, வெள்ளை வாகனம், வாயில் துணி, கையில் கயிறு. நம் மக்கள் பட்ட பாட்டினால் அச்சொல் அப்படித்தான் ஒலிக்கும், அதில் வியப்பில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை பலெர்மோ நகரிற் கையெழுத்துக்கு வைத்த உடன்படிக்கை கூறும் குற்றம் இதனினும் விரிந்தது. ஆளைச் சேர்ப்பது, அனுப்புவது, ஏற்பது என்பன செயல். பலாத்காரமோ, ஏமாற்றோ, ஒருவரின் இக்கட்டான நிலையைப் பயன்படுத்துவதோ வழி. அவ்வாளின் உழைப்பையோ உடலையோ சுரண்டுவது நோக்கம். இம்மூன்றும் கூடினாற் குற்றம் முற்றுகின்றது. பிள்ளையாயின் நடுவிலுள்ள வழியைக் கூட ஆராய வேண்டுவதில்லை. ஏமாற்றப்பட்டவன் "சம்மதம்" என்று கையெழுத்திட்டிருந்தாலும் அச்சம்மதம் செல்லாது. இலங்கை இவ்வுடன்படிக்கையை 2015ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. அதற்கு முன்னரே, 2006ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தால், இக்குற்றத்துக்கு 2 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை சிறை என்று விதித்தது.

சட்டம் இருக்கின்றது. ஆனால் கயிறும் வாகனமும் வராதபடியால், நமக்கு நடப்பது ஆட்கடத்தல் என்பதே நமக்குத் தெரிவதில்லை. நம்மூருக்கு வருபவன் இரவில் வருவதில்லை. பட்டப்பகலில், மோட்டார்ச் சைக்கிளில், நெற்றியிலே திருநீற்றுடன் வருகின்றான். விறாந்தையில் இருந்து, "தங்கச்சி, இன்னாருடைய மகனை நான்தான் அனுப்பினேன், கேட்டுப் பாருங்கள்" என்கின்றான். பெரும்பாலும் உறவுமுறையும் சொல்லிக்கொள்வான். காணி உறுதி ஈட்டுக்குப் போகின்றது. தாலிக்கொடி அடகுக்குப் போகின்றது. கடவுச்சீட்டு அவன் பைக்குள் போகின்றது. இவ்வளவும் நடந்து முடியும்வரை அங்கே ஒரு குற்றம் நடந்ததாக ஒருவருக்கும் தோன்றுவதில்லை. இந்த மனிதனின் முகத்தைத்தான் திரையிலே வரைந்து காட்ட வேண்டும் என்கின்றோம்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று எண்ணுவோர் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும்.

1996ஆம் ஆண்டு, நத்தார் நாள் அதிகாலை. சிசிலித் தீவுக்கும் மோல்ற்றாவுக்கும் இடைப்பட்ட கடலில், பெரிய கப்பலொன்றிலிருந்து எஃப் 174 என்ற சிறு படகுக்கு ஆட்கள் மாற்றப்பட்டனர். கொள்ள முடியாத பாரத்துடன் அது மூழ்கியது. இந்தியர், பாகிஸ்தானியர், நம் தமிழர் என 283 பேருக்குக் குறையாமல் மாண்டனர். தப்பியவர் கிரேக்க நாட்டில் இறங்கி நடந்ததைக் கூறியபோது அதிகாரிகள் நம்பவில்லை. போர்த்தோபாலோ என்னும் சிற்றூரின் மீனவர் வலைகளில் பிணங்கள் ஏறின. விசாரணை வந்தால் தொழில் நின்றுவிடுமே என்று அஞ்சி, அவற்றைத் திரும்பவும் கடலில் விட்டனர். 5 ஆண்டுகள் கழிந்து, 2001இல், மீனவர் ஒருவர் தம் வலையில் அகப்பட்ட ஓர் அடையாள அட்டையைப் பத்திரிகையாளர் ஒருவரிடம் கொடுத்தார். அது தமிழ் இளைஞன் ஒருவனின் அட்டை. அதைப் பிடித்துக்கொண்டு தேடியபோதுதான் கடலடியிற் கிடந்த படகு கண்டுபிடிக்கப்பட்டது. கடற்றொழிலை அறிந்த நம் தீவகத்தவர் இதனை இருமுறை படிக்க வேண்டும். வலை இழுப்பவன் கையில் நம் பிள்ளையின் முகம் வந்து சேர்ந்தது.

இக்கப்பற் பயணத்தைச் சட்டம் வேறு பெயரால் அழைக்கும் என்பதை நாம் அறிவோம். எல்லையைக் களவாகக் கடப்பித்து விடுவது ஒன்று. ஆளையே விலைப்பொருளாக்குவது மற்றொன்று. முன்னதில் தரகனும் பயணியும் ஒருவகையில் உடன்பட்டவர். ஆனால் நடுக்கடலில் நிற்பவனுக்கு இந்தப் பிரிவினையால் ஆவதென்ன? கரையில் உடன்பட்டவன் கப்பலேறியதும் கைதியாகின்றான். "இன்னும் பணம் அனுப்பினால்தான் மேலே போகலாம்" என்று வீட்டுக்குச் செய்தி வரும் நாளிலே, முதற்குற்றம் இரண்டாங் குற்றமாக உருமாறிவிடுகின்றது. 2022 நவம்பரில், கனடாவுக்கெனப் புறப்பட்ட கப்பலொன்று தென்சீனக் கடற்புறத்தில் தத்தளித்து, அதிலிருந்த 303 இலங்கையர் யப்பானியக் கப்பலால் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டனரே! திரும்பிப் போவதிலும் சாவது மேல் என்று அவர்களுள் ஒருவர் அங்கே உயிரை மாய்த்துக்கொண்டாரே! அவர் திரும்ப அஞ்சியது எதனை? நாட்டையா, கடன்காரனையா?

மூதூரின் றிசானா நபீக்கை நம் வாசகர் மறந்திரார். 2005ஆம் ஆண்டில், 17 வயதில், 23 வயதினள் என்று காட்டும் கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாள். அவள் பிறந்தது 1988. சீட்டில் எழுதப்பட்டது 1982. சில வாரங்களுள் அவள் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. 2013 சனவரி 9ஆம் நாள் அவள் தலை வெட்டப்பட்டது. வாளை ஓங்கியவன் ஒருவன். ஆனால் பிறந்த ஆண்டைத் திருத்தி எழுதிய பேனா எவனுடையது? அந்தப் பேனா இந்நாட்டிலேதான் ஓடியது. ஒரு சித்திரப்படத்தில் அந்தக் காட்சி ஒன்றே போதும்: ஒரு மேசை, ஒரு கை, 8 என்ற இலக்கம் 2 ஆவது. அதைக் கண்ட தாய் எவளும் தன் மகளின் சீட்டை எடுத்து ஒருமுறை பாராதிருப்பாளா?

வரவரச் சரக்கின் தன்மையும் மாறிவருகின்றது. முன்னர் ஏழைப் பெண்களையே தேடினர். இப்பொழுது ஆங்கிலமும் கணினியும் கற்ற இளைஞரையும் தேடுகின்றனர். தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று கூட்டிச் சென்று, ஆற்றைக் கடத்தி, மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள முகாம்களில் அடைத்து, உலகெங்குமுள்ள மக்களை இணையத்தில் ஏமாற்றும் தொழிலைச் செய்விக்கின்றனர்; மறுத்தவனுக்கு அடி, மின்சார வதை. 2024ஆம் ஆண்டில் இலங்கையர் பலர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். ஏமாற்றப்பட்டவனையே ஏமாற்றுபவனாக்கும் இக்கொடுமைக்குப் பழைய நூல்களில் ஒப்புமை தேடினாலும் கிடைத்தல் அரிது. பிரான்சுக்கென்று புறப்பட்ட வடபகுதி இளைஞர் சிலர் உருசியப் படையில் சேர்க்கப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டதாக அவர்தம் குடும்பத்தினர் கண்ணீருடன் முறையிட்டதும் அதே ஆண்டின் இறுதியில்தான். 2022இல் ஓமானில், வருகை விசாவிற் சென்று வீடுகளில் விலைக்கு விடப்பட்ட பெண்களின் அவலம் வெளிவந்தபோது, அவர்களைக் காக்க வேண்டிய தூதரகத்தைச் சேர்ந்த அலுவலர் ஒருவரே சந்தேகத்தின்பேரிற் கைதானார். வேலியே பயிரை மேய்ந்ததா என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும். வேலியை மட்டும் நம்பியிருக்கும் கமக்காரன் விளைவு காணான் என்பது நம் வாசகர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

சரி, இத்தனை துயரத்துக்கும் சித்திரப்படமா மருந்து? பத்திரிகையில் எழுதினாற் போதாதா? துண்டுப்பிரசுரம் அச்சிட்டால் ஆகாதா? உண்மை மனிதரை வைத்தே படம் எடுத்தால் என்ன?

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை கூறுவோம்; நம் வாதத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது. பிறநாட்டில் அடைபட்டுச் சீரழிந்து மீண்டுவந்த பெண்ணொருத்தி நம்மூரில் இருக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் வாய்திறந்து, முகங்காட்டி, நடந்ததைக் கூறுவாளா? கூறினால் இவ்வூர் அவளை வாழவிடுமா? அவளுடைய தங்கைக்குக் கலியாணம் பேசவருபவர் என்ன கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? ஆகவே அவள் வாய்மூடுகின்றாள். அவள் வாய்மூடியிருப்பதே தரகனின் மூலதனம். அடுத்த படலைக்கு அவன் நிமிர்ந்து நடந்து செல்வது அந்த மௌனத்தின் மேலேதான். சித்திரப்படம் இம்முடிச்சை அவிழ்க்கின்றது. குரல் அவளுடையதாக இருக்கலாம், முகம் ஓவியனுடையது. ஊர் வேறு, பெயர் வேறு, உடை வேறு. பட்ட பாடு மட்டும் உண்மை.

இது நடவாத காரியமன்று. 2008ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார் ஆக்கிய "அடிமைகள்" என்னும் குறும்படம், சூடானில் ஆயுதக் குழுவினராற் பிடிக்கப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட இரு பிள்ளைகளின் சொந்தக் குரலுக்குச் சித்திரம் வரைந்த படமாகும். 2021இல் வெளிவந்த "ஃபிளீ" என்னும் டென்மார்க்குப் படம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. காபூலிலிருந்து மொஸ்கோ சென்று, தரகர் கையிற் பல இன்னல் பட்டு டென்மார்க்கு வந்து சேர்ந்த ஆப்கானியர் ஒருவரின் வாழ்க்கை அது. அவர் தம் நண்பரான இயக்குநரிடம் மனம் திறந்து பேசியது, முகம் தெரியாது என்ற உறுதியினாலேயே. அப்படம் ஒஸ்கார் பரிசுக்கு ஒரே ஆண்டில் மூன்று பிரிவுகளில் முன்மொழியப்பட்டது. பரிசை விட்டுத்தள்ளுவோம். வாழ்க்கைத் துணைவர் போன்ற நெருக்கமானவர்க்கும் ஆண்டுக்கணக்கில் மறைத்ததை ஒரு மனிதன் கூறுவதற்கு, வரைந்த முகமொன்று இடங்கொடுத்தது என்பதே நாம் கொள்ளவேண்டியது.

சித்திரத்தால் மக்களுக்கு அறிவூட்டும் வழக்கம் புதியதுமன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், வால்ட் டிஸ்னி மலேரியா நுளம்பைப் பற்றி ஒரு படம் ஆக்கினார். பனிவெண்மைக் கதையின் ஏழு குள்ளர் அதில் நுளம்பு ஒழிக்கும் வேலைக்கு வந்தனர். 1949இல் கனடாவின் நோர்மன் மக்லாரன், யுனெஸ்கோவின் வேண்டுகோளை ஏற்றுச் சீனக் கிராமப்புறத்துக்குச் சென்று, சுகாதாரத்தைச் சித்திரத்தாற் கற்பிக்கும் முறையை உள்ளூர் ஓவியர்க்குப் பயிற்றினார். இவற்றிலும் நமக்கு அண்மையது மீனா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்று, பின் சித்திரப்படத் துறையிற் புகுந்த இராம் மோகன் அவர்கள், 1990களில் யுனிசெஃபுக்காக உருவாக்கிய சிறுமி அவள். மிட்டு என்ற கிளியும், ராஜு என்ற தம்பியும் அவளுக்குத் துணை. ஒருநாள் அக்காளும் தம்பியும் வேலையை மாற்றிக்கொள்கின்றனர். அவள் செய்யும் வேலை எவ்வளவு, அவளுக்குக் கிடைக்கும் சோறு எவ்வளவு என்பது தம்பிக்கு அன்றுதான் புரிகின்றது. ஒரு பிரசங்கம் இல்லை. ஒரு வசை இல்லை. தென்னாசியாவில் எத்தனையோ வீட்டுத் தட்டங்களில் அக்கதை சோற்றின் பங்கை மாற்றியிருக்கும்.

மீனாவை ஆக்கியவர்கள் ஒன்றை மறக்கவில்லை. வரைந்த படங்களைக் கிராமம் கிராமமாக எடுத்துச் சென்று மக்களுக்குக் காட்டி, அவர்தம் கருத்தைக் கேட்டுத் திருத்தினர். நமக்கு வந்து சேரும் எச்சரிக்கைப் படங்களில் இதனைக் காண்கின்றோமா? பெரும்பாலானவை எங்கோ ஒரு தலைநகரிலே தயாரிக்கப்பட்டு, நம் காதுக்கு ஒவ்வாத தமிழிற் குரல் சேர்க்கப்பட்டு வருபவை. அவற்றில் பெண்ணின் கையிலே சங்கிலி, அறையிலே இருட்டு, தரகனுக்குக் கறுப்புக் கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி அணிந்தவனை நம்மூர்க் குழந்தையும் நம்பாதே! பார்த்தவர், "இது நமக்கு நடப்பதன்று" என்று நிம்மதியாக எழுந்து போகின்றனர்.

இவற்றிலும் வேடிக்கையான ஒன்று உண்டு. கடல்வழி வருவோரைத் தடுக்க விரும்பிய அவுஸ்திரேலிய அரசு, இலங்கை மக்கள் சோதிடத்தில் நம்பிக்கை உடையவர் என்று கண்டு, இராசிபலன் வடிவிலே எச்சரிக்கைப் பிரசுரம் தயாரித்த செய்தி 2019இல் வெளியானது. படகேறினால் இன்ன இராசிக்காரருக்குக் கடன், இன்ன இராசிக்காரருக்குத் திரும்ப நேரும் என்று அதிற் கண்டிருந்ததாம்! நம் கிரகங்களையும் தம் குடிவரவு இலாகாவிற் சேர்த்துக்கொண்டனர் போலும். சிரிப்பு ஒருபுறம் இருக்க, இங்கே ஓர் அடிப்படையான வேற்றுமை உண்டு. தன் எல்லையைக் காக்க விரும்பும் அரசு செய்யும் பிரசாரத்தின் நோக்கம் நம்மை வரவிடாமற் செய்வது. நாம் வேண்டும் படத்தின் நோக்கம் நம் பிள்ளையைக் காப்பது. "வராதே" என்பதும் "விழிப்பாயிரு" என்பதும் ஒன்றல்ல. அச்சுறுத்தும் படத்தை மக்கள் நம்பார். ஏனெனில் போய் நன்றாக வாழ்பவர் நூறுபேரை அவர்கள் அறிவர்.

இனி, நம் வாசகர் சிலர்க்குக் கசக்கும் ஒன்றைக் கூறவேண்டும். கசப்பினும் கூறாதிருத்தல் நேர்மையாகாது.

மனித வியாபாரம் என்றதும் நாம் கடலுக்கு அப்பாலேயே பார்க்கின்றோம். நம் வீட்டுக் குசினியைத் திரும்பிப் பார்த்ததுண்டா? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே ஆண் அடிமை, பெண் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றிருந்தன; வயலையும் தோட்டத்தையும் போல மனிதரும் நம் முன்னோரின் உடைமைக் கணக்கில் இருந்தனர். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்த பின்னரும் ஒழியாத எண்ணம் ஒன்று இருந்தது. மலையகத் தோட்டங்களின் லயங்களிலிருந்து ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, நம் வீடுகளிற் பாத்திரம் கழுவவும் நம் பிள்ளைகளைத் தூக்கவும் வைத்திருந்தோம் அல்லமோ? அவர்களைக் கொண்டுவந்து விட்டவனும் ஒரு தரகனே. சம்பளம் தகப்பன் கைக்குப் போயிற்று. பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. ஆண்டில் ஒருமுறை தீபாவளிக்குச் சட்டை. "நம் வீட்டுப் பிள்ளை போல வைத்திருந்தோம்" என்று இன்றும் கூறுவோர் உளர். நம் வீட்டுப் பிள்ளை நிலத்திலா இருந்து உண்டது? 2021 யூலையில், டயகமத் தோட்டத்திலிருந்து கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி எரிகாயங்களுடன் மருத்துவமனையில் இறந்தபோது நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பிற் பங்குகொண்ட நாம், நம் பழைய குசினிகளை நினைத்துச் சிறிது நாணியிருக்கவும் வேண்டும். நாம் வேண்டும் படத்தில் இந்தக் குசினியும் வரவேண்டும். வராவிடின் அது பாதிப் படமே.

செலவைப் பற்றிக் கேட்பர். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரு சட்டங்களுக்கு நிறுத்தினாலும், 10 நிமிடப் படத்துக்கு 7,200 சித்திரங்கள் வேண்டும். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் கையால் வரைந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. 1926ஆம் ஆண்டிலேயே செருமனியின் லொத்தே ரைனிகர் என்னும் பெண்மணி, கறுப்பு அட்டையை உருவங்களாக வெட்டி, மூட்டுக்களை இணைத்து, ஒளிக்கு எதிரே வைத்து அசைத்து முழுநீளப் படமே ஆக்கினார். நம் தோற்பாவை நிழற்கூத்தின் தங்கைதானே அது! இன்று கணினி அவ்வேலையை இன்னும் எளிதாக்கியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்திரமும் வடிவமைப்பும் பயிலும் மாணவர் இருக்கின்றனர்; நாட்டுக்கூத்தறிந்த குரல்கள் இருக்கின்றன; கனடாவிலும் இலண்டனிலும் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன. கோயில் மதிலுக்கு மூன்றாம் முறை வர்ணம் பூசும் பணத்தில் ஒரு பங்கு போதும். (மதிலின் மேல் நமக்கு வெறுப்பில்லை, இரண்டாம் முறைப் பூச்சே இன்னும் மங்கவில்லை என்றுதான் சொல்கின்றோம்.)

படத்தில் என்ன இருக்கவேண்டும்? அழவைத்து அனுப்புவது போதாது. அழுதவன் வீட்டுக்குப் போய் என்ன செய்யவேண்டும் என்பது அதில் இருக்கவேண்டும். ஆள் அனுப்புபவனுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பார்ப்பது. ஐயமிருந்தால் 1989 என்னும் அப்பணியகத்தின் தொலைபேசி இலக்கத்துக்குப் பேசுவது. வருகை விசா வேலை விசா ஆகாது என்பது. கடவுச்சீட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒப்பந்தத்தையும் படமெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்வது. வயதையோ பெயரையோ மாற்றச் சொல்பவன் எவனாயினும் அவனை அன்றே அனுப்பிவிடுவது. இவை உலர்ந்த விதிகளாக அல்ல, கதையின் திருப்பங்களாக வரவேண்டும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் கலைந்து போகவும் கூடாது. கிராம சேவையாளர், ஆசிரியர், சட்டத்தரணி, வைத்தியர் ஆகியோருள் ஒருவரேனும் அங்கு இருந்து கேள்விகளுக்கு விடை கூறவேண்டும். இதனைப் படிக்கும் உத்தியோகத்தர்களே, நீங்கள் நாற்காலியில் இருந்து பார்ப்பதற்காக அன்று, இதற்காகவே வேண்டப்படுகின்றீர்கள்.

"படம் காட்டினால் எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுமா? கடலில் இழுவைப் படகு வராதிருக்குமா?" என்று கமக்காரரும் கடற்றொழிலாளரும் கேட்பாராயின், அக்கேள்வி நியாயமானதே. ஊரில் வாழ வழியிருந்தால் தரகனின் பேச்சு எடுபடாது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியிற் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன் வரிசை நீண்டது ஆசையினாலன்று. அதற்கான போராட்டம் வேறு, அது நடக்கவேண்டும். ஆனால் அது முடியும்வரை நம் பிள்ளைகள் போய்க்கொண்டே இருப்பர். தரகனும் வந்துகொண்டே இருப்பான்.

எங்கே தொடங்குவது? மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் ஈழத்துச் சிதம்பரத்துக்கு ஊரே திரண்டு வரும். கடல்கடந்த பிள்ளைகளும் விடுமுறையில் வந்து நிற்பர். கொழும்பிலிருந்து வந்தவர், வலந்தலையிலிருந்து வந்தவர், ஊர்காவற்றுறையிலிருந்து பாதையேறி வந்தவர் எல்லாரும் அந்நாட்களில் ஒரே இடத்தில் இருப்பர். கோயில் வீதிக்கு வெளியே, வாசிகசாலைச் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினாற் போதும். படத்தின் தொடக்கத்தில் கடல் வேண்டாம், கப்பல் வேண்டாம், சங்கிலி வேண்டாம். ஒரு விறாந்தை, இரண்டு கதிரை, தேநீருடன் வரும் தாய். எதிரில் இருப்பவன் சிரித்துக்கொண்டே கடவுச்சீட்டைக் கேட்கின்றான். அவ்விடத்தில் படத்தைச் சிறிது நிறுத்தி, கூடியிருப்போரிடம், "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கலாம்.